பாக்கெட்டின் முதுகில் 471

பிரெட், கிரீம் பிஸ்கட், கேக், ஐஸ்கிரீம் என்று எந்தப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தாலும், சேர்பொருள் பட்டியலில் 'எமல்சிஃபையர்' என்று பொடி எழுத்தில் இருக்கும். பக்கத்திலேயே ஓர் எண். பெரும்பாலும் அது 471. பன்றிக் கொழுப்பின் ரகசியக் குறியீடு என்று இந்த எண்ணையும் சேர்த்து வாட்ஸ்அப்பில் பட்டியல்கள் சுற்றுகின்றன. புற்றுநோய் வரும் என்று பதறுகிறவர்களும் உண்டு. எண்ணை மட்டும் அச்சிட்டுவிட்டு நிறுவனங்கள் பேசாமல் இருந்தால் வதந்திதான் பேசும்.

471 என்பது மோனோ, டைகிளிசரைடுகளின் கலவை. நாம் தாளிக்கும் எண்ணெயும் சோற்றில் ஊற்றும் நெய்யும் டிரைகிளிசரைடுகள்; அதாவது ஒரு கிளிசரால் மூலக்கூறில் மூன்று கொழுப்பு அமிலங்கள் ஒட்டியிருக்கும். இரண்டு மட்டும் இருந்தால் டைகிளிசரைடு, ஒன்று மட்டும் இருந்தால் மோனோகிளிசரைடு. எண்ணெயையோ கொழுப்பையோ கிளிசராலுடன் சேர்த்து 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி ஆலைகளில் இதைத் தயாரிக்கிறார்கள். நம் உடலுக்கும் இது புதிதல்ல. சாப்பாட்டில் உள்ள கொழுப்பைக் கணையத்தின் லைபேஸ் நொதி உடைக்கும்போது, சிறுகுடலில் உண்டாவதும் மோனோகிளிசரைடுதான்.

இதன் ஒரு முனை தண்ணீரோடு சேரும், மறுமுனை எண்ணெயோடு சேரும். அதனால் இரண்டும் பிரியாமல் நிற்கும் என்று பாடப்புத்தகம் சொல்லும். ஆனால் ஐஸ்கிரீமில் இது செய்யும் வேலை ஏறக்குறைய தலைகீழானது. ஐஸ்கிரீம் கலவையில் கொழுப்புத் துளிகள் ஏற்கெனவே பால் புரதத்தால் போர்த்தப்பட்டு நன்றாகவே பிரிந்து நிற்கின்றன. கலவையைக் குளிரில் சில மணி நேரம் வைத்திருக்கும்போது, 471 அந்தப் புரதத்தை நகர்த்திவிட்டுத் தான் அங்கே உட்கார்ந்துகொள்கிறது. போர்வை மெலிந்துவிடும். பிறகு கடைந்து உறைய வைக்கும்போது துளிகள் ஒன்றோடொன்று மோதி அரைகுறையாக ஒட்டி, காற்றுக் குமிழ்களைச் சுற்றி ஒரு வலையைக் கட்டுகின்றன. ஐஸ்கிரீம் கரண்டியில் விறைப்பாக நிற்பதற்கும் மெதுவாக உருகுவதற்கும் இந்த வலை முக்கியமான காரணம்.

அந்த வலை தாங்குவது காற்றை. ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் 525 கிராம் எடை இருந்தால் போதும் என்கிறது நம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. டப்பாவில் பாதியளவு காற்று இருக்கச் சட்டமே இடம் தருகிறது. ஐஸ்கிரீம் என்ற பெயருக்கு 10 சதவீதப் பால் கொழுப்பாவது வேண்டும். தாவரக் கொழுப்பு சேர்த்தால் 'ஃப்ரோசன் டெசர்ட்' என்றுதான் அச்சிட வேண்டும். இரண்டும் நாக்கில் ஒரேபோல வழுவழுப்பாக இருப்பதற்கு எமல்சிஃபையரும் துணைபோகிறது. எனக்கு 471-இன் மேல் உள்ள வருத்தம் இதுதான். அது விஷம் அல்ல. மலிவான சரக்கையும் செழிப்பானதுபோல் உணரவைக்கும் திறமை அதற்கு இருக்கிறது.

பிரெட்டிலும் இப்படித்தான். வெந்த மாவுச்சத்து நாள்பட மறுபடி இறுகுவதால்தான் பிரெட் கெட்டியாகிறது. 471 மாவுச்சத்தோடு பிணைந்து அந்த இறுக்கத்தைத் தள்ளிப்போடுகிறது. பூஞ்சையைத் தடுப்பது இதன் வேலையல்ல; அதற்குப் பட்டியலில் 282 போன்ற வேறு எண் இருக்கும். அதனால் மிருதுவான பிரெட் என்றால் இன்று சுட்ட பிரெட் என்று விரலால் அழுத்திப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தேதியைப் பாருங்கள்.

பாதுகாப்பு விஷயத்துக்கு வருவோம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017-இல் இதை மறுபடி ஆராய்ந்து, தினசரி உச்சவரம்பு எதுவும் தேவையில்லை என்றது. ஆனால் தயாரிப்பின்போது கலக்கக்கூடிய டிரான்ஸ் கொழுப்பு, கிளிசிடால் போன்ற மாசுகளுக்குக் கடுமையான வரம்பு வேண்டும் என்றும் சொன்னது. 2024-இல் பிரான்சில் சுமார் 92,000 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு வெளியானது. 471-ஐ அதிகம் உட்கொண்டவர்களிடம், குறைவாக உட்கொண்டவர்களைவிடப் புற்றுநோய் 15 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டது. இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, காரணத்தை நிரூபிக்கவில்லை. இதை அதிகம் உண்பவர்கள் பாக்கெட் உணவையே அதிகம் உண்பவர்கள். அந்த உணவில் சர்க்கரையும் கொழுப்பும் இன்னும் பலவும் சேர்ந்தே வருகின்றன. பதற வேண்டாம், ஆனால் இந்த ஆய்வைத் தள்ளிவிடவும் வேண்டாம் என்பது என் கருத்து.

எல்லா எமல்சிஃபையரையும் ஒரே கூடையில் போடுவதும் தவறு. வீட்டில் ஐஸ்கிரீம் செய்பவர்கள் ஜிஎம்எஸ் பவுடர், சிஎம்சி பவுடர் என்று இரண்டு பொட்டலம் வாங்குகிறார்கள். ஜிஎம்எஸ் 471-இன் குடும்பம். சிஎம்சி முற்றிலும் வேறு, அதன் எண் 466. எலிகளின் குடல் நுண்ணுயிர்களைக் குலைத்துக் குடலில் அழற்சியை உண்டாக்குவதாக 2015-இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு பேசியது சிஎம்சியையும் பாலிசார்பேட் 80-ஐயும் பற்றித்தான். 471 அதில் இல்லை.

மிச்சமிருப்பது மூலப்பொருள். இதைப் பாமாயிலிலிருந்தும் சோயா எண்ணெயிலிருந்தும் எடுக்கலாம். விலங்குக் கொழுப்பிலிருந்தும் எடுக்கலாம். எண் மாறாது. இந்தியாவில் விற்கும் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் விலங்குக் கொழுப்பிலிருந்து எடுத்தது சேர்ந்திருக்கக் கூடாது என்பது சட்டம். வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கிவரும் சாக்லேட்டிலும் பிஸ்கட்டிலும் அந்தப் புள்ளி இருக்காது. சைவம், ஹலால் பார்ப்பவர்கள் அங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். எண்ணை மட்டும் போட்டால் போதாது, தாவரமா, விலங்கா, ஆய்வகத் தயாரிப்பா என்பதையும் தெரிவிக்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2021 டிசம்பரில் ஆணையிட்டது. அந்த வழக்கில் பேசப்பட்ட எண் 631. இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும் எடுக்கப்படக்கூடிய சுவையூட்டி அது. ஒருவர் தன் தட்டில் இருப்பது என்னவென்று அறிவது அவருடைய நம்பிக்கையோடும் சேர்ந்த உரிமை என்பதை நீதிமன்றம் ஏற்றது.

ஒவ்வொரு பாக்கெட்டிலும் வாடிக்கையாளர் சேவை எண்ணோ மின்னஞ்சலோ அச்சிட்டிருக்கிறார்கள். உங்கள் பிள்ளை அடிக்கடி சாப்பிடும் ஒரு பொருளை எடுத்து, அதில் இருக்கும் 471 எந்த எண்ணெயிலிருந்து வந்தது, எவ்வளவு சேர்க்கிறீர்கள் என்று எழுதிக் கேளுங்கள். பதில் தராத நிறுவனத்தின் பொருளை வாங்காதீர்கள்.