தாத்தாவின் ஜாவா

கோலார் தங்கவயலிலிருந்து வருகிறேன் என்றால் நண்பர்கள் முதலில் தங்கத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். 1880களில் ஜான் டெய்லர் கம்பெனியார் பெரிய அளவில் தொடங்கிய சுரங்க வேலை, 2001 பிப்ரவரி 28ஆம் நாள் நின்றுவிட்டது. மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் ஆட்களை இறக்கி ஏற்றிய எந்திரங்கள் ஓய்ந்தன. ஆனால் அவற்றைப் பேணிய கைகள் ஓயவில்லை. அக்கைகள் அறிந்த தொழிலில் ஒரு சிறு பகுதியைப் பற்றியதே இக்கட்டுரை.

என் தாத்தா சுரங்கப் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். அவருடைய 1969ஆம் ஆண்டு ஜாவா மோட்டார் சைக்கிள், எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் பதினைந்து ஆண்டுகளாகச் சாக்குப் போர்த்திக்கொண்டு நின்றது. பழைய இரும்புக்காரர் எடைக்கு விலை பேசினார். “இடத்தை அடைச்சிக்கிட்டு நிக்குது, குடுத்துடலாம்” என்றார் அம்மா. நான் ஒரு கோடை விடுமுறை மட்டும் தவணை கேட்டேன்.

வண்டி வந்த வழி

1929இல் செக்கோஸ்லோவாகியாவில் யானெச்செக் என்பவர், வாண்டரர் என்னும் ஜெர்மன் கம்பெனியின் மோட்டார் சைக்கிள் உரிமையைப் பெற்றுத் தொழில் தொடங்கினார். இரு பெயர்களின் முன்னெழுத்துகள் சேர்ந்து ‘ஜாவா’ ஆயின. நம் மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1961இல் உற்பத்தியைத் தொடங்கியது. பின்னர் அதே வண்டி ‘யெஸ்டி’ என்று பெயர் மாறி வந்தது. 1996இல் தொழிற்சாலை மூடப்பட்டது. 2018இல் ஜாவா என்ற பெயர் மீண்டும் வந்தபோது வண்டிக்குள் இருந்தது நான்கு வீச்சு எஞ்சின். பழையதோ இரு வீச்சு எஞ்சின். கடைத்தெருவில் ‘டூ-ஸ்ட்ரோக்’ என்பார்களே, அதுதான்.

இரு வீச்சு என்றால் என்ன?

பிஸ்டன் ஒருமுறை மேலேறுவதும் கீழிறங்குவதும் ஒவ்வொரு வீச்சு. நான்கு வீச்சு எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிப்பு நிகழும். இரு வீச்சில் ஒவ்வொரு சுற்றுக்கும் வெடிப்பு உண்டு. பிஸ்டன் மேலேறும்போது மேலுள்ள கலவை அழுத்தப்படுகிறது. அதே வேளையில் அடியிலுள்ள கிராங்க் அறை புதிய கலவையை உள்ளிழுக்கிறது. மேலே தீப்பொறி பட்டு வெடித்ததும் பிஸ்டன் இறங்குகிறது. முதலில் புகைத்துளை திறக்கிறது. அடுத்துப் பக்கத்துளைகள் திறக்க, அடியிலிருந்த கலவை மேலே பாய்கிறது. திறந்து மூட வால்வு எதுவும் வேண்டியதில்லை, பிஸ்டனே கதவு. மரம் அறுக்கும் சங்கிலி வாளிலும், வயலில் மருந்து தெளிக்கும் முதுகுப் பம்பிலும் இந்த ஏற்பாடுதான்.

கிராங்க் அறை இங்கே காற்றுப் பம்பாகவும் வேலை செய்கிறது. ஆகையால் அதில் தனியே எண்ணெய் நிரப்பி வைக்க இயலாது. பெட்ரோலோடு எண்ணெயைக் கலந்தே அனுப்ப வேண்டும். எங்கள் வண்டிக்கு 25 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய். அதாவது லிட்டருக்கு 40 மில்லிலிட்டர்.

உதைக்காதே!

ஆர்வத்தில் நான் முதல் நாளே கிக்கரை மிதிக்கப் போனேன். தாத்தா கையைப் பிடித்துக்கொண்டார். “டேய், உள்ள துரு இருந்தா ரிங்கு சிலிண்டரைக் கீறிடும். மொதல்ல பிளக்கைக் கழட்டி எண்ணெய் விடு. ரெண்டு நாள் கெடக்கட்டும்” என்றார். மூன்றாம் நாள் பின்சக்கரத்தைக் கையால் மெல்ல உருட்டினோம். பிஸ்டன் அசைந்தது.

கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் பிசினாக உறைந்திருந்தது. அதன் சிறு துளையைக் கம்பியால் குத்த விடவில்லை. துளை மயிரிழை பெரிதானாலும் பெட்ரோல் அளவு மாறிவிடுமாம். புதுப் பெட்ரோலில் ஊறவைத்து ஊதியே சுத்தம் செய்தோம். சைலென்சரில் கரி அடைத்திருந்தது. அதைச் சுரண்டி எடுத்தோம்.

வண்டி உயிர் பெற்றது. ஆனால் ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் வேகம் குறையாமல் அலறியது. நான் கார்புரேட்டரைத் திருகிக்கொண்டே இருந்தேன். தாத்தா காது கொடுத்துக் கேட்டுவிட்டு, “கிராங்க் சீல் போயிருக்கு, வெளிக்காத்து உள்ள போவுது” என்றார். பிரித்துப் பார்த்தால் ரப்பர் சீல் வெடித்துத்தான் கிடந்தது. பம்பு ஒழுகினால் கலவையில் காற்று மிகும், எஞ்சின் சூடேறும். எந்திரத்தின் அமைப்பை அறிந்தவருக்கே அதன் ஒலியின் பொருள் விளங்குகிறது.

என் பிழை

இவ்வளவும் கற்ற பின்னும் ஒருநாள் பங்கிலிருந்து வெறும் பெட்ரோலை நிரப்பிக்கொண்டு ஆண்டர்சன்பேட்டைப் பக்கம் ஓட்டிச் சென்றேன். சில மைல் தூரத்தில் பின்சக்கரம் திடீரென்று இறுகியது. எண்ணெயின்றி உராய்ந்த பிஸ்டன் சூட்டில் விரிந்து சிலிண்டரைப் பற்றிக்கொண்டது. நான் விழாமல் தப்பியது என் நல்ல காலம். லேத்துப் பட்டறையில் சிலிண்டரைக் கடைந்து, ஓர் அளவு பெரிய பிஸ்டன் போட்டோம். சிலிண்டரை ஓரளவுக்கு மேல் கடைய முடியாது. ஐம்பது ஆண்டுகள் தாத்தா காத்ததில் ஒரு பங்கை நான் ஒரு பிற்பகலில் செலவழித்துவிட்டேன். அவர் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பெருந்தண்டனை.

புகையும் நியாயமும்

இரு வீச்சு எஞ்சினில் எரியாத கலவை சிறிது புகையோடு தப்பிப் போகும். கலந்த எண்ணெயும் எரியும். காற்று கெடுவது உண்மை. கடுமையான புகை விதிகள் வந்ததும் இத்தகைய வண்டிகள் சந்தையை விட்டு நீங்கியதில் எனக்குக் குறையில்லை. நாள்தோறும் ஓட்டுவதற்கன்று, அறிவைக் காப்பதற்கே பழைய வண்டி. 2021இல் வந்த மத்திய அரசு விதியின் கருத்தும் ஏறத்தாழ இதுவே. ஐம்பது ஆண்டு கடந்து, மூல வடிவம் மாறாத வண்டியைப் பழம்பெரும் வாகனமாகப் பதியலாம்; கண்காட்சி, ஆராய்ச்சி, அணிவகுப்பு போன்றவற்றிற்கு ஓட்டலாம்; அன்றாடப் பயணத்திற்கு ஆகாது. ஆகவே புதுச் சாயம் பூசிப் பளபளக்கச் செய்வதைச் சீர்திருத்தம் என எண்ண வேண்டாம். தேய்ந்த மெரூன் நிறத்தை நாங்கள் அப்படியே விட்டிருக்கிறோம்.

தோழர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பழைய மொபெட்டோ ஸ்கூட்டரோ மருந்துப் பம்போ மூலையில் கிடக்கலாம். இரும்புக்காரரை அழைக்குமுன் அதைப் பழுது பார்த்த பெரியவரை அழைத்து, ஒருமுறை உங்கள் கண்முன் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். அவர் சொல்வதைத் தமிழில் எழுதி வையுங்கள். இரும்பைப் பிறகும் விற்கலாம். அவர் காதுக்குத் தெரிந்ததை எந்தக் கடையில் வாங்குவோம்?