நோயாளியின் உயிர் ஓர் அமானிதம்



சிறுசேரி, கேளம்பாக்கம், திருப்போரூர் பகுதிகளில் நமது சமுதாயப் பெண்பிள்ளைகள் பலர் இப்போது செவிலியர் படிப்பில் சேர்கிறார்கள். இது மகிழ்ச்சிக்குரியது. இஸ்லாமிய வரலாற்றில் இதற்கு முன்மாதிரியும் உண்டு. அகழ்ப் போரில் காயமுற்ற ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்கள், மஸ்ஜிதுந் நபவியில் ருஃபைதா (ரலி) அவர்கள் அமைத்திருந்த கூடாரத்தில்தான் பராமரிக்கப்பட்டார்கள். அந்த அம்மையாரின் வழியில் வரும் பிள்ளைகளுக்காகவும், நோயாளிக்குத் துணையாக மருத்துவமனையில் தங்கும் குடும்பத்தாருக்காகவும் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

ஒரு கட்டு, ஒரு கால், ஓர் உயிர்

2022 நவம்பரில் தமிழகத்தையே உலுக்கிய சம்பவத்தைப் பலரும் மறந்திருக்க மாட்டீர்கள். சென்னையில் கல்லூரியில் படித்துவந்த 17 வயது கால்பந்து வீராங்கனை ஒருவருக்கு, முழங்கால் ஜவ்வுப் பிரச்சினைக்காகக் கொளத்தூர் பெரியார் நகர் அரசு புறநகர் மருத்துவமனையில் நவம்பர் 7 அன்று அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பின் போடப்பட்ட அழுத்தக் கட்டு இறுக்கமாக இருந்ததால் காலுக்கு ரத்த ஓட்டம் தடைப்பட்டது என்று அரசுத் தரப்பில் தெரிவிக்கப்பட்டது. ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கு மாற்றப்பட்டு, காலை அகற்றியும் அந்தப் பிள்ளையைக் காப்பாற்ற முடியவில்லை. நவம்பர் 15 அன்று உயிர் பிரிந்தது. இரண்டு மருத்துவர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர்.

யார் மீது குற்றம் என்று தீர்ப்புச் சொல்வது நமது வேலை அல்ல. ஆனால் இதிலிருந்து கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. ஆபரேஷன் ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வரும் நீண்ட மணி நேரங்களில் நோயாளியின் அருகில் இருப்பவர்கள் இருவர்தான்: வார்டு செவிலியரும், குடும்பத்தாரும். கேடு தொடங்கும்போது முதலில் தெரிய வருவதும் இவர்களுக்குத்தான்.

கட்டு அல்லது மாவுக்கட்டு போட்ட கை, காலில் ரத்த ஓட்டம் குறைந்தால் முதல் அடையாளம் வலிதான். அது சாதாரண ஆபரேஷன் வலி அல்ல. ஊசி போட்டும் அடங்காமல் ஏறிக்கொண்டே போகும்; விரல்களை நாம் மெதுவாக நீட்டி மடக்கினாலே உயிர் போவதுபோல் வலிக்கும். பிறகு மரத்துப்போகும், ஊசி குத்துவதுபோல் இருக்கும். விரல்கள் வெளுத்தோ நீலம் பாரித்தோ, ஜில்லென்று ஆகிவிடும். நகத்தை அழுத்தி விட்டால் 2 விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும், திரும்பத் தாமதமாகும். விரல்களை அசைக்க முடியாமல் போவதும், நாடித் துடிப்பு கிடைக்காமல் போவதும் கடைசியில் வருபவை. ஆகவே "நாடி இருக்கிறது, பயமில்லை" என்று சும்மா இருந்துவிடக் கூடாது. ரத்தம் கிடைக்காத தசை சில மணி நேரத்திலேயே அழியத் தொடங்கும். விடியட்டும், ரவுண்ட்ஸில் சொல்லலாம் என்பதற்கு இங்கே இடமில்லை.

இந்த இடத்தில்தான் செவிலியரின் பகுத்தறியும் திறன் தேவைப்படுகிறது. "வலிக்கிறது" என்ற சொல்லைக் கேட்டதும் இன்னொரு வலி ஊசியை எடுப்பது எளிது. ஏன் இந்த வலி, ஏன் இன்னும் அடங்கவில்லை என்று கேட்டு, போர்வையை விலக்கி விரல்களைத் தொட்டுப் பார்ப்பதுதான் மருத்துவப் பணி.

எண்கள் சொல்லும் செய்தி

வார்டில் நோயாளியின் நிலை திடீரென்று மோசமாவது போலத் தோன்றும். பெரும்பாலும் அது திடீரென்று நடப்பதில்லை. பல மணி நேரம் முன்பே மூச்சு, நாடி, ரத்த அழுத்தம், காய்ச்சல், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, நினைவு ஆகியவற்றில் மாற்றம் தெரியும். இந்த ஆறையும், நோயாளிக்கு ஆக்சிஜன் வைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் சேர்த்து மதிப்பெண் போடும் முறையை இங்கிலாந்தில் 2012 முதல் பயன்படுத்துகிறார்கள். மொத்தம் 5 வந்தால் மருத்துவர் அவசரமாகப் பார்க்க வேண்டும். 7 வந்தால் உயிருக்கே ஆபத்து என்று கொள்ள வேண்டும்.

இந்த ஆறில் அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது மூச்சு எண்ணிக்கை. அதை எண்ண இயந்திரம் தேவையில்லை, கடிகாரமும் பொறுமையும் போதும். அதனாலேயே எண்ணாமல், எல்லா நோயாளிக்கும் ஒரே எண்ணைக் கேஸ் ஷீட்டில் எழுதிவிடும் பழக்கம் பல நாடுகளில் இருக்கிறது. பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. அது 25ஐத் தொட்டால் அந்த ஒன்றே எச்சரிக்கை மணி. எண்ணாத எண்ணை எழுதுவது பொய் சாட்சிக்கு நிகர் என்று நமது பிள்ளைகள் மனதில் கொள்ள வேண்டும்.

சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்ற ஐந்தும் செவிலியர் படிப்பின் பாலபாடம். அதில் அளவு எப்படித் தவறும் என்பதற்கு இன்சுலின் நல்ல உதாரணம். நமது நாட்டில் ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள குப்பியும் கிடைக்கிறது, 100 யூனிட் உள்ளதும் கிடைக்கிறது. 40க்கு உரிய சிரிஞ்சின் மூடி சிவப்பு. 100க்கு உரியது ஆரஞ்சு. 100 யூனிட் குப்பி மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை எடுத்தால், உண்மையில் உடலுக்குள் போவது 50 யூனிட். இரண்டரை மடங்கு! சர்க்கரை விழுந்து நினைவு தப்பும், உயிரும் போகலாம். ஆகவே குப்பியையும் சிரிஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்த பிறகே மருந்தை எடுக்க வேண்டும். வீட்டில் இன்சுலின் போடும் குடும்பங்களும் இதைக் கவனிக்கவும்.

டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

கண்டுபிடித்தால் மட்டும் போதாது, சொல்லும் விதத்தில் சொல்ல வேண்டும். இரவு 2 மணிக்குத் தொலைபேசியில், "பேஷண்ட் வலிக்குதுன்னு சொல்றாங்க டாக்டர்" என்றால், "ஊசி போடுங்க" என்ற பதில்தான் வரும். நிலைமை, பின்னணி, கணிப்பு, கோரிக்கை என்ற நான்கையும் வரிசையாகச் சொல்லும் முறை ஒன்று உண்டு. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்து மருத்துவமனைகளுக்கு வந்தது அது.

"டாக்டர், 6ஆம் படுக்கை நோயாளிக்கு ஊசி போட்டு ஒரு மணி நேரமாகியும் வலி அதிகமாகிறது. காலையில் முழங்கால் ஆபரேஷன் ஆனவர், அழுத்தக் கட்டு போட்டிருக்கிறது. விரல்கள் ஜில்லென்று இருக்கின்றன, சிவப்பு திரும்ப 5 விநாடி ஆகிறது. ரத்த ஓட்டம் தடைப்படுகிறது என்று நினைக்கிறேன். நீங்கள் உடனே வந்து பார்க்க வேண்டும்."

இப்படிச் சொன்னால் எவரும் தட்டிக்கழிக்க மாட்டார்கள். அப்படியும் வராவிட்டால் அடுத்த மேலதிகாரியை அழைக்க வேண்டும். அழைத்த நேரத்தையும் கிடைத்த பதிலையும் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு இதில் தயக்கம் இருக்கும். திட்டு வாங்கினால் ஒரு நாளில் மறந்துவிடும். போன கால் திரும்பி வராது.

குடும்பத்தார் கவனத்துக்கு

நமது வீடுகளில் அடிக்கடி நடக்கும் சிலவற்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம்.

ஒளு: ஆபரேஷன் ஆனவர்களும் முதியவர்களும் சுபுஹு நேரத்தில், யாரையும் எழுப்ப மனமில்லாமல், ஒளு செய்யத் தனியே குளியலறைக்குப் போய் வழுக்கி விழுகிறார்கள். தண்ணீரைப் பயன்படுத்த இயலாத நோயாளிக்குத் தயம்மும் இருக்கிறது; உட்கார்ந்தும் படுத்தும் தொழ அனுமதி இருக்கிறது. மார்க்கம் தந்த சலுகையை ஏற்பதும் இபாதத்தான்.

தண்ணீர்: ஆபரேஷனுக்கு முன் "வாயில் ஒன்றும் கொடுக்காதீர்கள்" என்றால், ஒரு மடக்கு ஜம்ஜம் தண்ணீரும், ஒரு துண்டு பேரீச்சம்பழமும் அதில் அடங்கும். மயக்க நிலையில் வயிற்றில் உள்ளது நுரையீரலுக்குள் போனால் உயிருக்கு ஆபத்து.

நோன்பு: நோன்பு வைத்திருப்பதைச் செவிலியரிடம் மறைக்காதீர்கள். சாப்பிடாதவருக்கு வழக்கமான இன்சுலின் போட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். நோயாளிக்கு நோன்பை ஒத்திவைக்க மார்க்கமே அனுமதி தந்திருக்கிறது.

கூச்சம்: புண்ணையோ காலையோ காட்டத் தயங்கும் பெண்கள், பெண் செவிலியரையும் திரையையும் கேட்டுப் பெறலாம். மூடி மறைத்த காலில் நிறம் மாறுவது யாருக்கும் தெரியாது.

கேட்கும் உரிமை: லண்டனில் 2021இல் 13 வயதுச் சிறுமி மார்த்தா மில்ஸ் நோய்த்தொற்று முற்றி இறந்தார். மகளின் நிலை மோசமாகிறது என்று பெற்றோர் சொன்னதை மருத்துவமனை போதிய அளவு கேட்கவில்லை. அவர் பெயரால் 2024இல் இங்கிலாந்து மருத்துவமனைகளில் தொடங்கிய "மார்த்தா விதி"யின்படி, கவலைப்படும் குடும்பத்தார் வேறொரு மருத்துவக் குழுவை வரவழைக்கலாம். நம் நாட்டிலும் நோயாளிக்கு இரண்டாவது மருத்துவக் கருத்தைப் பெறும் உரிமை உண்டு. சிகிச்சைப் பதிவேடுகளை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002 முதல் மருத்துவர்களுக்கான விதி. அமைதியாக, ஆனால் உறுதியாகக் கேளுங்கள். செவிலியரிடம் சத்தம் போட்டால் அவர் அடுத்த முறை உங்கள் படுக்கைக்கு வரவே தயங்குவார், நஷ்டம் நோயாளிக்குத்தான்.

செவிலியர் படிப்பில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் பெற்றோர், இக்கட்டுரையை அவர்களிடம் படிக்கக் கொடுங்கள். நோயாளி தன் உடலை நம்பி ஒப்படைக்கிறார், அது அமானிதம். அதற்கான கேள்வி மறுமையிலும் உண்டு.

வல்ல அல்லாஹ் நோயுற்றோருக்குப் பூரண ஷிஃபாவையும், அவர்களைப் பராமரிக்கும் கரங்களுக்குக் கவனத்தையும் கருணையையும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.

செயலாளர்