இருளின் ஆற்றலும் நல்லுள்ளமும்



வேடம் புனைந்து பிறராக நடிப்பதில் மனிதனுக்கு இயல்பாகவே ஓர் இன்பம் உண்டு. மணலில் விளையாடும் குழந்தை ஒரு கணத்தில் அரசனாகிறது. மறு கணத்தில் கள்வனாகிறது. வேடங்களுள் எல்லாம் அரியது ஒன்று இருக்கிறது. அதில் வருபவனுடைய ஆற்றல் இருளைச் சார்ந்தது. உள்ளமோ நன்மையைச் சார்ந்தது. அத்தகைய ஒருவனாக நின்று நடிப்பது எங்ஙனம் என்பதையே இன்று ஆராயப் புகுகின்றோம்.

இவ்வினாவை அண்மையில் என்னிடம் எழுப்பியவன் என் பேரன். அவனும் அவன் தோழர்களும் மேலைநாட்டு விளையாட்டு ஒன்றை ஆடி வருகிறார்கள். டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ் என்பது அதன் பெயர். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் அமெரிக்கர் இருவர் ஆக்கிய இது, 1974ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒரு மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் அமர்வர். ஒருவர் கதையை நடத்திச் செல்லும் நடுவர். ஏனையோர் ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தர். மேடை இல்லை, அரிதாரம் இல்லை, எழுதி வைத்த வசனமும் இல்லை. "நான் இன்னது செய்கிறேன்" என்று ஒருவர் சொல்வார். அச்செயல் கைகூடுமோ கூடாதோ என்ற ஐயம் எழுந்தால், இருபது முகம் கொண்ட பகடையை உருட்டி முடிவு காண்பர்.

இவ்விளையாட்டில் வார்லாக் என்றொரு வகை மந்திரவாதி உண்டு. உலகுக்கு அப்பாற்பட்ட ஒரு சக்தியோடு உடன்படிக்கை செய்துகொண்டு அவன் ஆற்றல் பெறுகிறான். அச்சக்தி நரகத்துக்குரிய கொடியதாகவும் இருக்கலாம். ஆயினும் கொடுத்தவன் கொடியவன் என்பதனால் பெற்றவனும் கொடியவனாதல் வேண்டும் என்ற விதி இல்லை. பேரன் ஏற்றது இத்தகைய வேடம். "தாத்தா, இவன் நல்லவன் என்பதை நான் எப்படிக் காட்டுவேன்? வாயால் சொன்னால் போதுமா?" என்று அவன் கேட்டான். வாயால் சொன்னால் போதாது என்பதே என் விடை. எதனால் காட்டுவது என்பதை நம் கூத்துக்களம் நெடுங்காலமாக நமக்குக் கற்பித்து வருகிறது.

அச்சந்தரும் உருவத்துக்குள் அன்பு இருக்கக்கூடும் என்பது நம்மவர்க்குப் புதிய கருத்து அன்று. மாசித் திங்களில் எங்கள் வைத்திக்குப்பத்துக் கடற்கரைக்குப் பல ஊர்த் தெய்வங்கள் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுகின்றன. அதே திங்களில்தான், அமாவாசையை ஒட்டி, அங்காளம்மன் கோயில்களில் மயானக்கொள்ளை நிகழ்கிறது. சிவபெருமான் கையில் ஒட்டிக்கொண்டு அவரை அலைக்கழித்த பிரம்ம கபாலத்தை, அம்மை பேருருக் கொண்டு மிதித்து அடக்கினாள் என்பது மேல்மலையனூர்த் தலக்கதை. அன்று காளி வேடம் புனைந்து வருவோரைக் கண்டு குழந்தைகள் நடுங்குவர். தாய்மாரோ அக்குழந்தைகளை அவர்முன் கொண்டு நிறுத்தி வாழ்த்துப் பெறுவர். கோலம் வேறு, கருணை வேறு என்பதை நம் மக்கள் பிரித்து அறிவர்.

இனி நம் வினாவுக்கு நேரான சான்று கடோற்கசன். அவன் பீமனுக்கும் இடிம்பிக்கும் பிறந்தவன்; தாய்வழியில் அரக்கன். மாயம் அவனுக்குப் பிறவிச் செல்வம். இரவு வந்தால் அவன் வலிமை பெருகும். தெருக்கூத்தில் இவ்வேடம் தாங்குவோர் உருட்டி விழிப்பதும் உறுமுவதும் கண்டு நாம் மகிழ்ந்திருக்கிறோம். ஆனால் கூத்தின் மரபை உற்று நோக்குங்கள். வேடதாரி திரைக்குப் பின்னின்று தோன்றுங்கால் முதலில் என்ன செய்கிறார்? தாம் யார், யார் மகன் என்பதைக் கட்டியங்காரனும் அவையும் அறியச் சொல்கிறார். கடோற்கசன் முதலில் பீமன் மகன், பிறகுதான் மாயாவி. இதுவே முதற்பாடம். இருளின் ஆற்றல் படைத்தவனை நடிக்க விரும்புவோர், அவன் என்னென்ன மந்திரம் அறிவான் என்று பட்டியல் இடுவதற்கு முன்னர், அவன் யாருக்கு வேண்டியவன் என்று முடிவு செய்தல் வேண்டும். உறவு இல்லாத ஆற்றலுக்கு நோக்கம் இராது.

இரண்டாவது பாடம் எல்லை. 1957ஆம் ஆண்டில் கே. வி. ரெட்டியின் இயக்கத்தில் வெளிவந்த மாயாபஜார் திரைப்படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அதன் கதை வியாச பாரதத்தில் இல்லை. மக்கள் வழக்கில் வளர்ந்தது. அபிமன்யுவை விரும்பும் வத்சலையைத் துரியோதனன் மகனுக்கு மணமுடிக்க ஏற்பாடு நடக்கிறது. கடோற்கசன் அவளை உறக்கத்திலேயே கட்டிலோடு தூக்கிச் சென்று காக்கிறான். தானே அவள் உருக்கொண்டு மணவீட்டில் புகுகிறான். கடோற்கசனாக எஸ். வி. ரங்காராவும், வத்சலையாகவும் வத்சலை உருவில் இருக்கும் கடோற்கசனாகவும் சாவித்திரியும் நடித்தனர். மெல்லிய பெண்ணுருவத்துக்குள் ஒரு முரட்டு அரக்கன் ஒளிந்திருப்பதை அந்த அம்மையார் நடையாலும் பார்வையாலும் காட்டிய திறம் பெரிது. இங்கே நாம் கருத வேண்டியது ஒன்று உண்டு. ஒரு சேனையையே அழிக்க வல்லவன், அந்த மணவீட்டில் எவரையும் கொல்லவில்லை. விருந்தை உண்கிறான், செருக்குற்றோரை நகைப்புக்கு உள்ளாக்குகிறான், அவ்வளவே. செய்ய முடிந்தவனாய் இருந்தும் செய்யாது விடுவதில்தான் அவன் உள்ளம் புலப்படுகிறது.

மேசை விளையாட்டில் இளைஞர்கள் பலர் வழுக்கி விழும் இடமும் இதுவே. "நன்மைக்காகத்தானே செய்தேன்" என்று கூறிக்கொண்டு, பகைவனை வதைப்பதும் எளியவனை ஏமாற்றுவதும் தொடங்கிவிடும். சில நாளில் நல்லவன் என்பது பெயரளவில் மட்டும் நிற்கும். ஆகவே, "எவ்வளவு பயன் வரினும் இதைச் செய்யேன்" என்று ஒன்றையேனும் முன்கூட்டி வரையறுத்துக்கொள்வது நலம். கதை அவ்வெல்லையில் கொணர்ந்து நிறுத்தும்போதுதான் ஆட்டம் சுவை பெறும்.

மூன்றாவது பாடம் விலை. பாரதப் போரின் பதினான்காம் நாள், கதிரவன் மறைந்த பின்னும் போர் நீண்டது. இருளில் கடோற்கசனின் மாயப்போரைத் தாங்கமாட்டாது கௌரவர் சேனை கதறியது. கர்ணன், அருச்சுனனுக்கென்று காத்து வைத்திருந்த இந்திரனின் வேலை, ஒரே முறை பயன்படும் அவ்வேலை, இவன்மீது எறிந்தான். விழும்போதும் கடோற்கசன் தன் உடலைப் பெருக்கி, பகைவர் சேனையில் ஓர் அக்குரோணியை நசுக்கி வீழ்ந்தான் என்கிறது வியாச பாரதம்.

அதன் பின் நடந்ததே நெஞ்சைத் தொடுவது. பாண்டவர் கண்ணீர் வடிக்க, கண்ணன் மகிழ்ந்தான்! அருச்சுனன் பிழைத்தான் என்பது ஒரு காரணம். இவன் வேள்விகளுக்குப் பகையானவன், இன்று இறந்திராவிடில் நானே பின்னொரு நாள் கொல்ல நேர்ந்திருக்கும் என்பதும் கண்ணன் கூறிய காரணம். இருளின் ஆற்றல் உடையவனை அவன் பக்கத்தாரே பயன்கொண்டனர். முழுதும் நம்பினரா என்பது ஐயமே. இவ்வேடத்தின் துயரம் இங்கேதான் இருக்கிறது. ஆனால் தருமன் கூறியதையும் கேளுங்கள். வனவாசத்தில் நடந்து களைத்த பாஞ்சாலியைத் தன் முதுகில் சுமந்தவன் அல்லவா இவன் என்று சொல்லி அவன் அழுதான். மாயத்தை அவன் பெரிதாக நினைக்கவில்லை, சுமந்ததை நினைத்தான். நடிப்பவர்க்கு இதைவிடச் சிறந்த குறிப்பு வேறு வேண்டுமா? பெரிய மந்திரம் வியப்பைத் தரும். களைத்தவரைச் சுமக்கும் சிறு செயலே அன்பைத் தேடித் தரும்.

இருண்ட வேடம் நடித்தால் மனம் இருண்டு போகாதோ என்று பெற்றோர் சிலர் அஞ்சக்கூடும். அமெரிக்காவிலும் 1980களில் இவ்விளையாட்டு பிள்ளைகளைப் பேய் வழிபாட்டிற்கு இழுக்கிறது என்று பெருங்கூச்சல் எழுந்தது, அக்குற்றச்சாட்டு நிலைபெறவில்லை. நம் கூத்தர் இதற்கு நல்ல வழி கண்டிருக்கிறார்கள். துரியோதனனாகவும் துச்சாதனனாகவும் ஆடுவோர், தெய்வத்தை வணங்கியே களத்தில் இறங்குகின்றனர். துகிலுரியும் கட்டத்தில் அம்மனிடம் மன்னிப்பு வேண்டுவதும் உண்டு. விடிந்ததும் அரிதாரத்தைக் கழுவிவிட்டுத் தத்தம் தொழிலுக்குப் போய்விடுகின்றனர். வேடத்துக்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் வகுத்துக்கொண்டால் அச்சம் இல்லை. மேசையில் ஆடுவோரும், ஆட்டம் முடிந்தபின் சற்று நேரம் தம் இயல்பான பெயரால் ஒருவரோடு ஒருவர் பேசிக் கலைதல் நன்று.

ஆசிரியத் தொழிலில் நான் கண்ட உண்மை ஒன்றையும் இதனோடு சேர்த்துச் சொல்வேன். வகுப்பில் முரடன் என்று பெயரெடுத்த பையனுக்கு நாடகத்தில் காவலன் வேடம் கொடுத்தால், அவன் தன் வலிமைக்கு ஒரு நல்ல வேலை உண்டு என்று முதன்முதலாக அறிகிறான். வலிமை, சினம், சூழ்ச்சி ஆகிய இவை எல்லார்க்குள்ளும் ஓரளவு உண்டு. அவற்றை இல்லை என்று மறைப்பதைக் காட்டிலும், யாருக்காக, எந்த எல்லைக்குள், என்ன விலை கொடுத்துப் பயன்படுத்துவது என்று விளையாட்டிலேயே பழகிக்கொள்வது நல்ல கல்வியாகும்.