உஷார்! மூன்று சட்டை 499 ரூபாய்: பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

ஆடி வந்தாலும் ஐப்பசி வந்தாலும் தை பிறந்தாலும் செல்போனைத் திறந்தவுடன் துணி விளம்பரம்தான் முதலில் வந்து நிற்கிறது. "3 சட்டை 499 மட்டுமே", "5 குர்த்தி 799", "கடை காலி செய்கிறோம், இன்று இரவு 12 மணி வரை". தருமபுரி மாவட்டம் நல்லம்பள்ளியில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கல்லூரி மாணவி, ஓசூர் கம்பெனிக்கு ஷிப்ட் வேலைக்குப் போகும் தம்பி, இண்டூரிலும் லளிகத்திலும் பிள்ளைகளுக்கு நாலு உடுப்பு எடுக்க ஆயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கும் அக்கா என எல்லோர் கையிலும் இதே விளம்பரங்கள்.

இவற்றில் நேர்மையாக வியாபாரம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒரு முழம் துணிகூடக் கையில் இல்லாமல், படத்தை மட்டும் காட்டிப் பணம் பறிக்கிற கும்பலும் அதே வரிசையில் நிற்கிறது. படத்தைப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய யாராலும் முடியாது. அதனால்தான் இந்த எச்சரிக்கை.

ஏன் சின்னத் தொகை?

லட்சம் போனால் யாரும் போலீசுக்கு ஓடுவார்கள். 499 போனால் "போகட்டும், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு" என்று விட்டுவிடுவார்கள். மோசடிக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஆயிரம் பேரிடம் ஐந்நூறு வாங்கினால் ஐந்து லட்சம். புகார் கொடுப்பதோ நாலைந்து பேர். அதற்குள் அந்தப் பக்கம் மறைந்து வேறு பெயரில் முளைத்துவிடும்.

ஆனால் நமக்கு அது சின்னத் தொகையா? 2025-26ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் நாள்கூலி 336 ரூபாய். 999 ரூபாய் "காம்போ" ஒன்றுக்குப் பணம் அனுப்பி ஏமாந்தால், வெயிலில் மூன்று நாள் மண் அள்ளிய கூலி போனதாகப் பொருள். குறைந்த வருமானக்காரர்தான் குறைந்த விலைக்கு ஆசைப்படுவார் என்று கணக்குப் போட்டே இந்த வலை விரிக்கப்படுகிறது.

செவ்வாய்க்கிழமை நல்லம்பள்ளிச் சந்தையில் ஆடு பிடிக்க வருகிறவர்களைப் பாருங்கள். பல்லைப் பிடித்துப் பார்க்கிறார்கள், முதுகைத் தடவிப் பார்க்கிறார்கள், தூக்கி எடை பார்க்கிறார்கள். "போட்டோ அனுப்புறேன், பணத்தைப் போட்டுவிடு" என்றால் ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆட்டுக்கு இருக்கும் அந்தக் கண்டிப்பு துணிக்கும் வேண்டும்.

வலை எப்படி விரிகிறது?

முதல் வகை, போலிப் பக்கம். பெயர் பெற்ற ஜவுளிக்கடை அல்லது பிராண்டின் லோகோவைத் திருடி, அதே நிறத்தில், அதே எழுத்தில் ஓர் இணையதளம். முகவரியில் ஓர் எழுத்து மட்டும் மாறியிருக்கும். பணம் முன்கூட்டியே கட்டச் சொல்வார்கள். கட்டியதும் "ஆர்டர் கன்பார்ம்" என்று ஒரு செய்தி, அதோடு சரி. நம்பர் பிளாக். 2024 தீபாவளிக்கு முன் தமிழ்நாடு காவல்துறையின் சைபர் குற்றப் பிரிவு, ஆன்லைனில் மலிவு விலைப் பட்டாசு என்று சொல்லி இதே முறையில் நடந்த மோசடி பற்றிப் பொதுமக்களை எச்சரித்தது. சரக்கு மாறும், சூழ்ச்சி மாறாது. பட்டாசுக்கு விரித்த வலையைத் துணிக்கும் விரிக்கலாம்.

இரண்டாம் வகை, வாட்ஸ்அப் சேலை குரூப். சேலம் பக்கம் இளம்பிள்ளையில் நெய்து விற்கும் சேலைகளை வாட்ஸ்அப்பில் மறுவிற்பனை செய்து பிழைக்கும் பெண்கள் ஏராளம். அது உண்மையான தொழில். அவர்கள் போடும் படங்களை அப்படியே எடுத்து, பாதி விலை போட்டு, தனக்கென ஒரு குரூப் தொடங்குகிறான் மோசடிக்காரன். "ரீசெல்லராகச் சேர 1,500 கட்டுங்கள்" என்றும் கேட்பான். கட்டாதீர்கள்.

மூன்றாம் வகை, பார்சல் வந்த பிறகு பணம். "கேஷ் ஆன் டெலிவரிதானே, பயமில்லை" என்று நினைப்பவர்கள் மாட்டுவது இங்கேதான். பெரும்பாலும் பணம் கொடுத்த பிறகுதான் பொட்டலத்தைப் பிரிக்க விடுவார்கள். உள்ளே கிழிந்த துணியோ சிறுபிள்ளை அளவு சட்டையோ இருக்கும். நீங்கள் ஆர்டரே செய்யாத பார்சலும் வீட்டுக்கு வரும். வீட்டில் இருக்கும் பாட்டி, பேரன் பெயரைப் பார்த்து 600 ரூபாயை எடுத்துக் கொடுத்துவிடுவார். வீட்டுப் பெரியவர்களிடம் இன்றைக்கே சொல்லிவையுங்கள்: நாங்கள் சொல்லாமல் எந்தப் பார்சலுக்கும் பணம் கொடுக்க வேண்டாம்.

அதைவிடப் பெரிய குழி: "ரீஃபண்ட்"

499 ரூபாயோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. உண்மையான ஆபத்து அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. சட்டை சரியில்லை என்று கூகுளில் "கஸ்டமர் கேர்" நம்பர் தேடுகிறீர்கள். முதலில் வரும் நம்பரே மோசடிக்காரன் போட்டு வைத்ததாக இருக்கலாம். எதிர்முனையில் பணிவான தமிழ்: "மன்னிக்கணும் மேடம், உங்க பணத்தை இப்பவே திருப்பி அனுப்பிடறேன், ஒரு ஆப் மட்டும் ஏத்துங்க."

அந்த ஆப், உங்கள் திரையை அவன் பார்க்கும்படி செய்யும் ஆப். அல்லது வாட்ஸ்அப்பில் வரும் "ஏபிகே" கோப்பு. அதை ஏற்றியவுடன் உங்களுக்கு வரும் ஓடிபி அவன் கண்ணுக்கும் தெரியும். இன்னொரு தந்திரம், "பணம் வர இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து உங்க பின் நம்பரை அடிங்க" என்பது. 500 ரூபாய் திரும்பப் பெறப் போனவர் கணக்கில் இருந்த மொத்தப் பணத்தையும் இழப்பது இப்படித்தான்.

இதை வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்: யூபிஐ பின் நம்பர் அடித்தால் உங்கள் பணம் வெளியே போகும். பணம் உள்ளே வர பின் நம்பர் தேவையே இல்லை. தனிநபர்களுக்கிடையே "பணம் அனுப்பு" என்று கோரிக்கை அனுப்பும் வசதி இப்படித் தவறாகப் பயன்பட்டதால்தான், 2025 அக்டோபர் 1 முதல் அதை யூபிஐயை நடத்தும் தேசியப் பணப்பட்டுவாடா கழகம் நிறுத்தியது. ஆனால் க்யூஆர் கோடு வழியும் ஏபிகே வழியும் இன்னும் திறந்தே இருக்கின்றன.

பிரபல ஷாப்பிங் நிறுவனத்தின் பெயரில் தபாலில் சுரண்டும் அட்டை வந்து, "கார் விழுந்திருக்கிறது, வரிப் பணத்தை மட்டும் கட்டுங்கள்" என்றாலும் அதே கதைதான். கிழித்துப் போடுங்கள்.

கண்ணெதிரே நடக்கும் ஏமாற்று

ஆன்லைன் மட்டுமல்ல. கல்யாண மண்டபத்தில் மூன்று நாள் கண்காட்சி, நெடுஞ்சாலை ஓரத்தில் வேன் நிறைய "எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்", "எதை எடுத்தாலும் 200" என்று வருபவற்றில் நல்ல சரக்கும் கிடைக்கும். ஆனால் பெரும்பாலும் பில் இருக்காது. முதல் சலவையில் சாயம் போனால் நான்காம் நாள் கேட்க அங்கே ஆளும் இருக்காது. "திருப்பூர் ஃபேக்டரி விலை" என்று பலகை எழுத யாருக்கும் அனுமதி தேவையில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

கூட்டம் சேர்க்கும் சலுகைகளும் ஆபத்துதான். 2021இல் மணப்பாறையில் ஒரு கடை 50 பைசா நாணயத்துக்கு டி-ஷர்ட் என்று அறிவிக்க, கூட்டம் முண்டியடித்து, போலீசார் வந்து கடையை மூடச் செய்தார்கள். கைக்குழந்தையோடு அப்படிப்பட்ட வரிசையில் நிற்காதீர்கள். எந்தச் சட்டையும் அதற்கு ஈடாகாது.

"50 சதவீதம் தள்ளுபடி" என்றால் எந்த விலையிலிருந்து என்று பாருங்கள். எம்ஆர்பி என்பது எல்லா வரியும் சேர்ந்த உச்ச விலை. அதற்கு மேல் ஜிஎஸ்டி கேட்டால் கொடுக்க வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான ஆயத்த ஆடைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். முன்பு ஆயிரத்தைத் தாண்டினால் 12 சதவீதமாக இருந்தது. பழைய விகிதத்தில் யாராவது பில் போட்டால் கேள்வி கேளுங்கள்.

காசு கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

* விற்பவரின் பெயர், முழு முகவரி, தொடர்பு எண், குறைதீர் அலுவலர் பெயர் நான்கும் தளத்தில் இருக்கிறதா? 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி இவை இருந்தே தீரவேண்டும். இல்லாத இடத்தில் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.
* விளம்பரத்தில் உள்ள லிங்கைத் தொடாதீர்கள். அந்தக் கடையின் ஆப்பையோ தளத்தையோ நீங்களே திறந்து அதே துணி அதே விலைக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.
* பார்சலைப் பிரிக்கும்போது, முகவரிச் சீட்டு தெரியும்படி தொடக்கம் முதல் கடைசிவரை வீடியோ எடுங்கள். பிறகு அதுதான் சாட்சி.
* கடையில் வாங்கினால் வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துத் துணியின் உள்பக்கம் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் வேண்டாம். தையலை இரு பக்கமும் லேசாக இழுத்துப் பாருங்கள். வெளிச்சத்தில் பிடித்து இழை நெருக்கமா என்று பாருங்கள்.
* "காட்டன் ஃபீல்", "சில்க் டச்" என்று எழுதியிருந்தால் அது பருத்தியும் அல்ல, பட்டும் அல்ல என்று எடுத்துக்கொள்ளுங்கள். லேபிளில் நூறு சதவீதம் காட்டன் என்று இருக்க வேண்டும்.
* பில் இல்லாமல் வெளியே வராதீர்கள்.

அப்படியானால் குறைந்த செலவில் எப்படித்தான் உடுப்பது?

முதலில் பீரோவைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போடுங்கள். பட்டன் போனது, இடுப்பு இறுகியது, கை நீளமானது என்று ஒதுக்கியவையே பல உருப்படி இருக்கும். தெருமுனைத் தையல்காரரிடம் கொடுத்துச் சரிசெய்ய ஆகும் செலவு புதுச் சட்டையின் விலையில் ஒரு சிறு பங்குதான். அதன் பிறகு எது உண்மையில் குறைகிறது என்று எழுதுங்கள். எல்லாச் சட்டைக்கும் பொருந்தும் ஒரு கரும்பழுப்போ கருநீலமோ ஆன நல்ல பேன்ட், விளம்பரத்தில் பார்த்த ஐந்து சட்டையைவிட அதிக நாள் உழைக்கும்.

வாங்கத்தான் வேண்டும் என்றால் பக்கத்தில் தருமபுரி டவுன் இருக்கிறது. தொட்டுப் பார்த்து, போட்டுப் பார்த்து, பில் வாங்கி வரலாம். கைத்தறி வேண்டுமானால் கோ-ஆப்டெக்ஸில் தீபாவளி சமயத்தில் 30 சதவீதச் சிறப்புத் தள்ளுபடி உண்டு. அது அரசு அறிவித்துத் தரும் தள்ளுபடி. ஈரோடு கனி மார்க்கெட்டில் திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கும் ஜவுளிச் சந்தையும், திருப்பூர் காதர்பேட்டையின் பனியன் கடைகளும் விலையில் உண்மையிலேயே மலிவு. ஆனால் நல்லம்பள்ளியிலிருந்து இரண்டு டி-ஷர்ட்டுக்காகச் சேலம் தாண்டிப் போனால் மிச்சமானதை பஸ் டிக்கெட்டே தின்றுவிடும். நாலைந்து குடும்பம் சேர்ந்து மொத்தமாக வாங்கினால் மட்டுமே அது லாபம். காதர்பேட்டையில் "செகண்ட்ஸ்" எனப்படும் குறையுள்ள சரக்கும் கலந்திருக்கும். ஒவ்வொன்றையும் விரித்துப் பார்த்து எடுங்கள்.

பணம் போய்விட்டால்?

வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்கு அந்தப் பணம் அடுத்த கணக்குக்குப் போகுமுன் முடக்க வாய்ப்பு உண்டு. உங்கள் யூபிஐ ஆப்பில் உள்ள 12 இலக்கப் பரிவர்த்தனை எண், அனுப்பிய நேரம், எதிரியின் நம்பர், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம். தருமபுரி மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு நேரிலும் போகலாம். வங்கிக்கும் அதே மணிநேரத்தில் சொல்லுங்கள்.

கடை உண்மையானது, சரக்குதான் மோசம் என்றால் வழி வேறு. குறையுள்ள அல்லது விளம்பரத்துக்கு மாறான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நியாயமற்ற வணிகம். பில்லில் காலக்கெடு இல்லாவிட்டால் 30 நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தரவேண்டும். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லில் அச்சடித்திருந்தாலும் குறையுள்ள பொருளுக்கு அது செல்லாது. ஆன்லைன் நிறுவனம் உங்கள் புகாரைப் பெற்றதாக 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீர்க்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

ஆனால் இந்தச் சட்ட வழியெல்லாம் விற்றவருக்கு ஒரு முகவரி இருந்தால்தான் உதவும். முகவரி இல்லாதவன் மேல் யாரும் வழக்குப் போட முடியாது. ஆகவே இந்த ஒன்றை மட்டுமாவது பிடித்துக்கொள்ளுங்கள்: முகவரி இல்லாத கடைக்கு முன்பணம் கிடையாது. இன்று மாலையே உங்கள் அம்மாவுக்கும் தங்கைக்கும் பக்கத்து வீட்டு அண்ணனுக்கும் 1930 என்ற எண்ணைச் செல்போனில் பதிந்து கொடுங்கள்.