சிற்றுருவக் கலை – 9: துருவின் நியாயம்

மரப்பட்டியும் அட்டையும் தகரத் தகடும் கொண்டு 87இல் ஒரு பங்கு அளவில் வீடுகளும் லாரிகளும் சமைக்கும் விதத்தைச் சென்ற இதழில் பார்த்தோம். சமைத்தவற்றுக்கு வயது ஏற்றுவது இவ்வாரத்து விஷயம். இதில் கைத்திறனைக் காட்டிலும் கண்ணின் பயிற்சியே பிரதானம் என்பதும், அப்பயிற்சிக்குப் பிறர் செய்த மாதிரிகளைவிடப் பழைய புகைப்படங்களே உத்தமமான ஆசான் என்பதும் என் அபிப்பிராயம். மாதிரியைப் பார்த்து மாதிரி செய்கிறவர்கள், முன்னவர் பூசிய துருவுக்கு மேல் ஒரு கை கூடவே பூசுவதால், புது வண்டிகூடக் கடலடியில் கிடந்து வந்ததுபோல் ஆகிவிடுகிறது. கலிபோர்னியாவின் மாண்டரே நகரில் ஒரு மலைநாட்டு ரயில் பாதையையே தம் வீட்டுக்குள் படைத்து, 1973இல் காலமாகும் வரை அதை விருத்தி செய்துவந்தவரும், அழுக்குக்கும் தேய்மானத்துக்கும் இக்கலையில் கௌரவம் தேடித் தந்தவருமான ஜான் ஆலன், தொழிலால் புகைப்படக்காரர் என்பது தற்செயலன்று.

பொருளாதார மந்தம் அமெரிக்காவைக் கவிந்திருந்த காலத்தில், குடியானவர்களின் அவல நிலையை நாட்டோருக்குக் காட்டும் பொருட்டு, 1935 முதல் ராய் ஸ்ட்ரைக்கரின் மேற்பார்வையில் அரசாங்கம் புகைப்படக்காரர்களைத் தேசமெங்கும் அனுப்பியது. அவர்களுள் வாக்கர் எவான்ஸ், 8 அங்குலத்துக்கு 10 அங்குல நெகடிவ் கொள்ளும் பெரிய காமிராவை முக்காலியில் நிறுத்தி, கட்டடத்துக்கு நேர் எதிரே நின்று, எவ்வித ஒப்பனையுமின்றிப் படமெடுக்கும் வழக்கமுடையவர். அந்த நேர்நிலை நமக்குப் பேருபகாரம். கோணல் விழாத அத்தகைய படத்தில், அமெரிக்கச் செங்கல்லின் நீளம் 8 அங்குலம் என்ற ஒன்றை வைத்துக்கொண்டே கதவின் உயரத்தையும் பலகையின் அகலத்தையும் கணக்கிட்டுவிடலாம். பசித்தவர்களின் குடிசையை நாம் பொழுதுபோக்குக்காக அளக்கிறோமே என்ற கூச்சம் எனக்கு உண்டு. படத்தைக் கூர்ந்து பார்ப்பவனுக்கு அது இருப்பதும் நல்லதுதான்.

அலபாமாவின் மவுண்ட்வில் என்ற ஊரில் அவர் 1936இல் எடுத்த நெளிதகரக் கட்டடத்தின் படத்தைப் போன்ற ஒன்றை எதிரே வைத்துக்கொண்டு, துரு எங்கே இருக்கிறது என்பதோடு எங்கே இல்லை என்பதையும் பாருங்கள். துத்தநாகப் பூச்சுள்ள தகடு உடம்பெல்லாம் ஒருசேரத் துருப்பிடிப்பதில்லை. ஆணி துளைத்த இடத்திலும், தகடு தகட்டின்மேல் ஏறி ஈரத்தை அடைத்துவைக்கும் விளிம்பிலும், வெட்டுவாயிலும் தொடங்கி, மழைநீர் போகும் வழியே கீழ்நோக்கி இறங்குகிறது. நம் அளவில் ஆணியின் தலை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதைச் செதுக்க முயல்வது வீண் சிரமம். அதன் கீழே 6 அங்குலம் வழிந்த கறையோ 2 மில்லிமீட்டருக்குச் சற்றே குறைவு. மெல்லிய தூரிகையால் ஒரே இழுப்பில் அதைத் தீட்டிவிட்டால், இல்லாத ஆணியையும் கண் தானே கற்பித்துக்கொள்ளும். பலகைச் சுவரிலும் இவ்வாறே: வெயில் படும் முகம் சாம்பல் நிறமாக வெளுக்கிறது; தரையிலிருந்து மழைச்சேறு தெறிக்கும் அடிப்பலகைகள் கறுக்கின்றன; இறவாணத்தின் நிழலில் மட்டும் பழைய வர்ணம் பிழைத்திருக்கிறது.

வாகனங்களுக்கு, கலிபோர்னியாவில் 8,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், தங்கம் தீர்ந்தபின் கைவிடப்பட்ட போடி என்னும் ஊரின் படங்களைச் சிபாரிசு செய்வேன். 1962இல் மாநிலப் பூங்காவாகிய அவ்வூரில், கட்டடங்களை ஜீர்ணோத்தாரணம் செய்து புதுப்பிக்காமலும், இடிந்து விழவும் விடாமலும், சிதைவை இருந்த நிலையிலேயே நிறுத்திவைத்திருக்கிறார்கள். அங்கே கிடக்கும் பழைய மோட்டார்களில் வர்ணம் அநேகமாகப் போய்விட்டது. ஆனால் அது மலைக்காற்றின் துரு, உலர்ந்தது. மழைநாட்டு வண்டியோ கதவின் அடிவிளிம்பும் மட்கார்டின் உட்புறமும் அரித்து ஓட்டையாகும். எந்த ஊர் வண்டியைச் செய்கிறோம் என்று தீர்மானிக்காமல் துருவைத் தொடக்கூடாது.

ஸ்ட்ரைக்கரின் குழுவினர் எடுத்தவற்றில் 1,70,000க்கும் மேற்பட்ட கறுப்பு-வெள்ளை நெகடிவ்கள் வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன; இணையத்தில் யாவரும் இலவசமாகப் பார்க்கலாம். அவற்றில் கிடைக்காத நிறத்துக்கு, ஜாக் டெலானோ 1942-43இல் சிகாகோவின் ரயில் பட்டறைகளில் எடுத்த கோடாக்ரோம் படங்களே துணை. அவற்றை அடுத்த வாரம் பார்ப்போம்; அதுவரை வாசகர்கள் தூரிகையை எடுக்க வேண்டாம்.