கூரைவீடும் ஒரு பாடம்தான்

ஷேக்ஸ்பியரைப் பற்றி எட்டாம் வகுப்பில் பேசியபோது, அவருடைய மனைவி ஆன் ஹாத்வே இளமையில் வாழ்ந்த வீட்டின் படத்தைக் காட்டினேன். "கூரைவீடா இருக்கே சார்!" என்றான் ஒரு மாணவன். வகுப்பே சிரித்தது. கூரைவீட்டிலிருந்து வரும் இருவர் மட்டும் தலைகுனிந்தனர். நான் அதைக் கண்டும் பாடத்தைத் தொடர்ந்துவிட்டேன். அது என் தவறு. மறுநாள் அந்த வீட்டையே பாடமாக எடுத்துக்கொண்டேன்.

இங்கிலாந்தில் ஸ்ட்ராட்ஃபோர்டு நகருக்கு அருகில், ஷாட்டரி என்னும் சிற்றூரில் அவ்வீடு உள்ளது. அதன் மிகப் பழைய பகுதி 1460களில் கட்டப்பட்டது. அப்பகுதியில், வளைந்த ஓக் மரங்கள் இணை இணையாக நின்று கூரையைத் தாங்குகின்றன. சுவருக்குக் கூரையின் பாரம் இல்லை. எனவே மரச்சட்டங்களின் இடைவெளியை வரிச்சு கட்டி மண் பூசியோ, செங்கல் வைத்தோ அடைக்க முடிந்தது.

தொடக்கத்தில் கூடத்தின் நடுவே அடுப்பு எரிந்தது. புகை கூரை வழியே கசிந்து வெளியேறியது. பின்னாளில் புகைபோக்கி எழுந்தது. புகை வெளியேற வழி கிடைத்ததால், கூடத்தின் மேல் தளம் அமைத்து மாடி அறைகளும் உருவாயின.

கூரை செங்குத்தாகச் சரிவதால் மழைநீர் தங்காமல் வழிந்துவிடும். மேற்பரப்பு மட்டுமே நனையும். தாள்களின் இடையே தங்கும் காற்று குளிரைத் தடுக்கும். நீண்ட இறவாரம் சுவரை நனையாமல் காக்கும்.

வகுப்பில் இரண்டு அட்டைகளில் வைக்கோலை அடுக்கினோம். ஒன்றைச் சற்றே சாய்த்தும் மற்றொன்றை நன்றாகச் சாய்த்தும் வைத்து நீர் ஊற்றினோம். முதல் அட்டை ஊறிப்போனது. அப்போது, முந்தைய நாள் தலைகுனிந்தவர்களில் ஒருவன் எழுந்தான். "கீழேருந்து மேலதான் வேயணும் சார். மேல் அடுக்கு கீழ் அடுக்கை மூடணும். எங்கப்பா அப்படித்தான் போடுவாரு" என்றான். ஆங்கிலேயக் கூரைக் கலைஞர்கள் பின்பற்றுவதும் அதே முறைதான். கரும்பலகையில் அவனையே வரைந்து விளக்கச் சொன்னேன். இம்முறை யாரும் சிரிக்கவில்லை.

கூரைவீட்டின் இடர்களையும் மறைக்கவில்லை. ஹாத்வே வீடும் 1969இல் தீயால் சேதமடைந்து சீரமைக்கப்பட்டதைச் சொன்னேன். ஒழுகலும் தீ அச்சமும் அம்மாணவர்கள் நன்கு அறிந்தவை.

ஆசிரிய நண்பர்களே, வீடுகளைப் பற்றிய பாடம் வரும்போது 'குடிசை', 'மாடி' என்று தரம் பிரிப்பதோடு நிறுத்த வேண்டாம். எந்தப் பொருள், ஏன், எப்படி என்று கேளுங்கள். விடை தெரிந்த மாணவர் பெரும்பாலும் கடைசி வரிசையில் இருப்பார்.