ஹெப்பாளில் மகாராணி கொடுத்த 30 ஏக்கர்

பெங்களூர் ஹெப்பாள் மேம்பாலத்தில் நெரிசலில் சிக்கித் தவிப்போரில் பலருக்கு, கர்நாடகத்தின் விவசாயக் கல்வி பிறந்த இடம் அருகிலேயே இருப்பது தெரியாது.

தாது வருஷப் பஞ்சத்தில் (1876-78) மைசூர் சமஸ்தானத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டனர். அந்த நினைவு மறையுமுன், கணவரை இழந்து இளம் மகனுக்காக ஆட்சிப் பொறுப்பேற்றிருந்த மகாராணி கெம்பநஞ்சம்மணி, 1899-ல் ஹெப்பாளில் 30 ஏக்கர் நிலம் வழங்கினார். டாக்டர் லேமன் அங்கு மண்ணையும் பயிரையும் ஆராயத் தொடங்கினார்.

அடுத்து வந்தவர் கனடா நாட்டு அறிஞர் டாக்டர் லெஸ்லி கோல்மன். மலநாட்டில் மழைக்காலம் வந்தால் பாக்குக் குலைகள் அழுகி உதிரும், 'கொளெரோகா' என்பார்கள். குலைகளை மூடிக் கட்டுவது தவிர விவசாயிக்கு வேறு வழியில்லை. இது பூஞ்சணத்தின் வேலை என்று ஆராய்ந்த கோல்மன், மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையைத் தெளிக்கச் சொன்னார். பாக்குத் தோட்டக்காரர்கள் இன்றும் அதைத்தான் தெளிக்கிறார்கள்!

1913-ல் ஹெப்பாளில் விவசாயப் பள்ளி ஏற்பட்டது. அது கல்லூரியாக 1946 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முதலில் மைசூர்ப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்திருந்த கல்லூரி, 1964-ல் தனி விவசாயப் பல்கலைக் கழகம் உருவானதும் அதன் அங்கமாயிற்று. 1969-ல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டிய ஜி.கே.வி.கே. வளாகம் பின்னர் தலைமையிடமாயிற்று.

ஆனால் சாமானியனின் தட்டுக்கு வந்தது ராகி ஆராய்ச்சிதான். ராகிப் பூ மிகச் சிறியது. தன் மகரந்தத்திலேயே கருவுறும். ஒட்டுச் சேர்ப்பது கண்ணையும் பொறுமையையும் சோதிக்கும் வேலை. மண்டியா வி.சி. பண்ணையில் லட்சுமணய்யா இந்திய ராகியையும் ஆப்பிரிக்க ராகியையும் இணைத்து 'இண்டாப்' ரகங்களை உருவாக்கினார். (ராகியின் தாயகமே ஆப்பிரிக்கா என்பது முத்தே சாப்பிடும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?) குலைநோயைத் தாங்கும் திறனும் திரண்ட கதிரும் ஆப்பிரிக்க வழி வந்த சீதனம். 'ராகி லட்சுமணய்யா' என்றே அவர் பெயர் நிலைத்துவிட்டது.

ஜி.கே.வி.கே.யைச் சுற்றி இப்போது அடுக்கு மாடிகள் நெருங்கிவிட்டன. பெரும்பாலும் நவம்பரில் நடக்கும் கிருஷி மேளாவின்போது பொதுமக்களும் உள்ளே சென்று பயிர்களைப் பார்க்கலாம். விதையும் நாற்றும் விற்பனைக்குக் கிடைக்கும்.